வீட்டில் வெந்நீர் காயுது

ஜூன் 19, திங்கள்

மாசிலாமணி அண்ணன் வந்து இந்த நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். தொழிலாளர் சங்கத்துக்காரர். "நடந்ததை எழுதி வைம்மா. நாளைக்கு விசாரணைன்னு வந்தா மறந்துபூடும்" என்றார். நான் நாலாவது வரைக்கும்தான் படிச்சேன் அண்ணா என்றேன். "நானும் நாலாவதுதான். சங்கத்துக்கு செக்ரட்டரி ஆகலையா" என்றார். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்கு வரவில்லை.

முதலில் பேர் எழுதணுமாம். என் பேர் முனிரத்னம்மா. இருக்கிற இடம் மாரிகொண்டா, தங்கம் எடுக்கிற மைன், கம்பெனி வீட்டு வரிசையில் ஆறாவது லைன். எங்க வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொன்னதில்லை. எழுதினால் தப்பு இருக்காது. தேசிங்கு. டிம்பர் வேலை. கீழே பாறை இறங்காமல் மரம் வைத்து முட்டுக் கொடுக்கிற வேலை. இந்த மாதம் பத்தாம் தேதி கல் விழுந்து போய்விட்டார்.

தண்ணி வரும் நேரம். குழாய்க்குப் போகணும்.

ஜூன் 20, செவ்வாய்

நடந்ததை எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

அன்றைக்கு சனிக்கிழமை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். வீடு ஒரு தரம் உதறியது. அலமாரியில் தட்டெல்லாம் கிலுகிலு என்றது. இங்கே அடிக்கடி உதறும். கீழே எங்கேயோ பாறை வெடித்தால் மேலே தெரியும். உதறினால் லைனில் இருக்கிற பொம்பளைகள் எல்லாரும் வெளியே வந்து சுரங்கக் கிணற்று ஷாப்ட் மேலே இருக்கிற பெரிய சக்கரத்தைப் பார்ப்போம். சக்கரம் எப்போதும் போல் சுற்றினால் உள்ளே போய் வேலையைப் பார்ப்போம். அன்றைக்கு நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சுற்றியது. மெதுவாகச் சுற்றியது. அடிபட்ட ஆளை ஏற்றினால்தான் ஆட்கள் ஏறி இறங்குகிற கேஜை அப்படி மெதுவாக இழுப்பார்கள்.

கையில் முறத்தோடு ஓடினேன். எங்கே போட்டேன் தெரியவில்லை, இன்னும் அந்த முறம் கிடைக்கவில்லை. கேட்டில் பொம்பளைகளை விட மாட்டார்கள். வாட்ச்மேன் எங்க குடியாத்தம் பக்கத்து ஆள், என்னைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்கணும், அவர் ஏன் திறந்தார் என்று.

கேஜ் கதவு திறந்தது. நாலு பேர் ஸ்ட்ரெச்சர் தூக்கி வந்தார்கள். மேலே கம்பளி. தலைமாட்டில் அருளப்பன். இவரோட ஜோடி ஆள், எங்க வீட்டில் சாப்பிடாத வாரம் கிடையாது, என்னை அக்கா என்று கூப்பிடுவான். அவன் குனிந்து இவர் காதில் பேசிக்கொண்டே வந்தான். "குனிஞ்சிக்கோண்ணே, இரும்பு தலையில இடிக்கும். ஆச்சு, வந்துட்டோம். வெளிச்சம் தெரியுது பாரு. இப்ப கேட்டாண்ட திரும்பறோம்." எனக்கு நன்றாகக் கேட்டது.

செத்த ஆளோடு யார் பேசுவார்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உண்மையாக எழுதுகிறேன். காலில் தெம்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவளிடம், "பேசறாங்கடி, பேசறாங்க" என்றேன்.

ஆபீஸ் ரைட்டர் காகிதத்தோடு வந்தார். "பாத்தீங்க இல்ல, உசிரோடதானே மேல வந்தாரு?" என்றார். ஆமாம் சார், பேசிக்கிட்டே வந்தாங்க என்றேன். கையெழுத்துக் கேட்டார். முழுப் பேரும் போட்டேன். ஆஸ்பத்திரி கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாயந்திரம் உடம்பைக் கொடுத்தார்கள்.

அவரை எடுத்த பிறகு அருளப்பனைக் கேட்டேன், என்னடா பேசினாரு என்று. அவன் தரையைப் பார்த்தான். "வெந்நீர்னு பேச்சு வந்துச்சுக்கா" என்றான். வெந்நீர் கேட்டாரா என்றேன். "வீட்ல வெந்நீர் காயுதுன்னு பேச்சு வந்துச்சு" என்றான்.

தினம் ஷிப்ட் முடிகிற மூணு மணிச் சங்கு ஊதினால் நான் வெந்நீர் வைத்திருப்பேன். உடம்பெல்லாம் கல்மாவு அப்பிக்கொண்டு வருவார். கண் மட்டும் தெரியும். அண்டாத் தண்ணி முழுக்க ஊற்றிக்கொள்கிறவரைக்கும் ஒரு வார்த்தை பேச மாட்டார். கடைசி நேரத்திலும் அதுதான் ஞாபகம் வந்திருக்கிறது.

ஜூன் 22, வியாழன்

சங்கு ஊதியபோது பார்க்கிறேன், அடுப்பில் அண்டா இருக்கிறது. நான்தான் வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவ ஆச்சு.

ஜூன் 25, ஞாயிறு

பதினாறாம் நாள். அதைப் பற்றி எழுதவில்லை. வளையல் உடைத்த இடம் கையில் எரிகிறது.

தம்பி கஜேந்திரன் ஊரிலிருந்து வந்தான். எனக்கு இருக்கிற ஒரே உறவு அவன்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கஜா தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தான், இப்போது அதுவும் இல்லை.

சாப்பாடு முடிந்து மாசிலாமணி அண்ணன் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினார். சட்டம் ஒன்று இருக்கிறதாம். கீழேயே ஆள் செத்தால் அந்த இடத்தை யாரும் தொடக்கூடாது. சர்க்கார் இன்ஸ்பெக்டர் வந்து இருந்தது இருந்தபடி பார்க்கணும். ஆஸ்பத்திரியில் செத்தால் அப்படி இல்லை. கம்பெனி காகிதத்தில் இவர் ஆஸ்பத்திரியில் செத்தார் என்று இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி ஷிப்டிலேயே கல்லை வாரி, புது மரம் முட்டுக் கொடுத்து, சுத்தமாக்கிவிட்டார்களாம். இன்ஸ்பெக்டர் பிறகு எட்டிப் பார்த்துவிட்டு, முட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்று போய்விட்டார்.

"அங்க முட்டே இல்லம்மா. டிம்பர் குடுங்கன்னு தேசிங்கு மேஸ்திரிகிட்ட சண்ட போட்டிருக்கான். பாறையை வெறுமனே விட்டுட்டு உள்ள உள்ள வெட்டிக்கினு போயிருக்காங்க" என்றார்.

அவர் உயிரோடுதான் வந்தார் அண்ணா, நான் பார்த்தேன் என்றேன்.

அவர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டார்.

ஜூன் 27, செவ்வாய்

ஆபீஸில் கூப்பிட்டார்கள். நல்ல மாதிரியாகப் பேசினார்கள், நாற்காலி போட்டார்கள். லைன் வீடு வேலை செய்கிறவனுக்குத்தான். ஆனால் பாவம் பார்த்து, கஜாவுக்கு இவர் இடத்தில் வேலை கொடுக்கிறார்களாம், வீடு அவன் பேரில் இருக்குமாம். கஜாவுக்கு முகமெல்லாம் பல். பிறகு என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

எனக்கும் நிம்மதிதான். எங்கே போவேன்.

ஜூலை 3, திங்கள்

கஜா முதல் ஷிப்ட் போனான். இவருடைய டிபன் கேரியர்தான் கொடுத்தேன். மூடியில் ஒரு நசுங்கல் இருக்கும், தட்டித் தட்டி மூடணும். அவனுக்குத் தெரியாமல் திணறினான்.

அருளப்பன் கூட்டிக்கொண்டு வந்து விட்டான். "அக்கா, உன் தம்பி பெரிய வீரன். கேஜ் இறங்கும்போது என் கையைப் புடிச்சான் பாரு, பொண்டாட்டி கூட அப்படிப் புடிச்சதில்ல" என்றான். கஜா, "வயிறு வாய்க்கு வருதுக்கா. கெணத்துல கல்லைப் போட்ட மாதிரி உட்டுட்றாங்க" என்றான். கீழே அடுப்புக்குள் இருக்கிற மாதிரி சூடாம். சட்டை முண்டாசு எல்லாம் அவிழ்த்துவிட்டுத்தான் வேலையாம்.

எந்த இடம் போட்டார்கள் என்று கேட்டேன். அருளப்பன் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். பிறகு கஜா சொன்னான், "மாமா இடம்தான்."

வெந்நீர் தயாராக இருந்தது. குளித்தான். இன்றைக்கு அண்டா வைத்ததற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஜூலை 5, புதன்

கஜா ஒரு கட்டு மரத்துண்டு கொண்டுவந்தான். முட்டுக்கு அளந்து வெட்டினால் மிச்சம் விழுகிற துண்டுகள், டிம்பர் ஆட்கள் வீட்டுக்கு எடுத்து வரலாம். நல்ல காய்ந்த மரம், திகுதிகு என்று எரியும். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து எங்க அடுப்பு அதில்தான் எரிந்தது. சித்திரை கடைசியிலிருந்து இவர் வெறுங்கையோடு வந்தார். கேட்டால், "டிம்பர் இறங்கினாத்தானேடி துண்டு விழும்" என்பார். நான் விறகு வாங்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தேன். கூடக் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன்.

இப்போது நிறைய மரம் வருகிறது.

ஜூலை 11, செவ்வாய்

குழாயில் சண்டை. பக்கத்து வீட்டு சாலம்மா என் குடத்தைத் தள்ளிவிட்டு அவள் குடத்தை வைத்தாள். நான் கேட்டேன். "உனக்கின்னாடி கொறை. ஊடு நிக்குது. தம்பிக்கு வேலை வந்துச்சு. அவன் அவன் இருவது வருஷம் கெஞ்சினாலும் பையனுக்கு வேலை போட்டுத் தர மாட்றான்" என்றாள். எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்கள். நான் என் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதிக் குடம்தான் நிறைந்திருந்தது.

சாயந்திரம் அவள் புருஷன் துரைக்கண்ணு ஒரு குடம் தண்ணி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். "அவ வாய்க்கு நான் ஜவாப்தாரி இல்லம்மா, தண்ணிக்கு மட்டும்தான்" என்றார். கஜாவோட கேங்கில்தான் அவரும் வேலை.

ஜூலை 16, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. மாரியம்மன் கோயிலில் பந்தல் போடுகிறார்கள். நான் போகக்கூடாது.

மாசிலாமணி அண்ணன் மறுபடி வந்தார். இந்தத் தடவை நேராகவே சொன்னார். "நீ கையெழுத்துப் போட்ட காகிதம்தாம்மா அவங்களுக்கு ஆதாரம். பொண்டாட்டியே சாட்சி சொல்லிட்டா அப்புறம் யாரு பேசறது. தெரியாம சொல்லிட்டேன்னு எழுதிக் குடு. மறுபடி விசாரிக்கச் சொல்றோம்."

எனக்குக் கோபம் வந்தது. என்னை என்ன சொல்லச் சொல்கிறார். அவர் பேசவில்லை என்றா. அவர் வெந்நீர் கேட்டார். என் கண்ணால் பார்த்தேன், அருளப்பன் அவர் காதில் பேசினதை. பதில் சொல்லாத ஆளிடம் இத்தனை பேச்சா. அவர் எனக்கு விட்டுவிட்டுப் போனது அந்த ஒரு வார்த்தைதான், அதையும் காகிதத்தில் எழுதி அடிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டேன்.

கஜாவும், "உடுங்கண்ணே. ஊடு போயிட்டா உங்க சங்கமா கட்டித் தரும்" என்றான்.

"அருளப்பனைக் கேட்டேன். தெர்லன்றான். அவன் வாயையும் ஏதோ கட்டி வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். காபி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

கோபத்தில் பேசிவிட்டேன். ஆனால் தப்பாகப் பேசவில்லை.

ஜூலை 20, வியாழன்

விறகுக்காரியிடம் விறகு வாங்கினேன். பச்சை விறகு, ஒரே புகை. கஜாவைக் கேட்டேன், துண்டு ஏன் கொண்டுவரவில்லை என்று. "டிம்பர் இறங்கலக்கா" என்றான்.

வாங்கிய விறகை எடுத்து அடுக்கினேன். கீழே கிடந்த சிராய்த் தூள் எல்லாம் பெருக்கினேன். பிறகு ஒன்றும் ஓடவில்லை.

ஜூலை 22, சனி

கஜாவிடம் சொன்னேன், வேறே இடம் மாற்றிக் கேள் என்று. "கேட்டா வேலையே போயிடும். நீதானேக்கா ஊடு வேணும்ன" என்றான். நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

ஜூலை 29, சனி

நேற்று நடந்தது.

உதறியது. தட்டு ஒன்று கீழே விழுந்தது. வெளியே வந்து எல்லாரும் சக்கரத்தைப் பார்த்தோம். நின்றது. சாலம்மா பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் அந்தக் குடச் சண்டைக்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. அவள் என் கையைப் பிடித்தாள். சக்கரம் மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தது. ஓடினோம்.

ஆஸ்பத்திரி வண்டிக்காகக் கேட்டைத் திறந்து வைத்திருந்தார்கள். கூட்டத்தோடு உள்ளே போய்விட்டோம். கேஜ் கதவு திறந்தது. முதலில் எனக்குத் தெரிந்தது கஜாவின் முகம். ஸ்ட்ரெச்சர் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். நின்று, இரண்டு காலில். மாரியம்மா தாயே என்று மனசில் சொன்னேன். பாவம் என்றாலும் எழுதுகிறேன், தூக்கி வருகிறது யாரை என்று நான் அந்த நேரம் நினைக்கவே இல்லை.

அப்போதுதான் அருளப்பன் குரல். தலைமாட்டில் குனிந்து, அதே மாதிரி, அதே மெல்லிய குரல்.

"குனிஞ்சிக்கோண்ணே, இரும்பு இடிக்கும். தொரைக்கண்ணு அண்ணே, வெளிச்சம் வந்துடுச்சு பாரு. கேட்டாண்ட திரும்பறோம். பின்னாடி நின்னுடாத, எங்க கூடவே வா. வீட்ல வெந்நீர் காயுது. வா, வீட்டுக்கு வா."

பின்னால் கஜாவும், மற்ற இரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள். "வீட்ல வெந்நீர் காயுது, வா."

சாலம்மா என் தோளைக் குலுக்கினாள். "பேசறாங்கடி. கேட்டியா, பேசறாங்க" என்றாள். அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். அந்த முகத்தை நான் உள்ளேயிருந்து பார்த்திருக்கிறேன்.

கம்பளிக்கு வெளியே துரைக்கண்ணு கை தொங்கியது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை. இவருக்கும் அப்படித்தான் தொங்கியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்திருக்கிறேன்.

ரைட்டர் காகிதத்தோடு வந்தார். சாலம்மாவுக்கு எழுத வராது. மைப்பெட்டியையும் எடுத்து வந்திருந்தார். "உசிரோடதானேம்மா மேல வந்தாரு?" என்றார். அவள் ஆமாம் ஆமாம் என்று கையை நீட்டினாள். கட்டை விரலை மையில் வைத்துவிட்டாள்.

நான் அந்தக் கையைப் பிடித்தேன். அவள் உதறினாள். பலமானவள். நான் விரலை என் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டேன்.

"சாலம்மா, வைக்காத" என்றேன். "அவர் போயிட்டார்."

"உனக்குப் பொறாமைடி" என்றாள். "உன் ஆளு போயிட்டான்னு எல்லாரு ஆளும் போவணுமா. பேசறாங்களே, உனக்குக் காது செவுடா."

"அவர்கிட்டப் பேசறாங்க. அவர் பேசல" என்றேன். "எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் பேசினாங்க. இதே வெந்நீரு."

அவள் அருளப்பனைப் பார்த்தாள். அவன் ஸ்ட்ரெச்சரை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, என் முந்தானையிலிருந்து கையை எடுக்காமலேயே அழுதாள். ரைட்டர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மாசிலாமணி அண்ணன் வந்து, காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்து, "போங்க சார், இன்னிக்கு இது வேணாம்" என்றார்.

என் முந்தானையில் மை. துவைக்கவில்லை.

ஜூலை 30, ஞாயிறு

துரைக்கண்ணுவை எடுத்தார்கள். ஆறாவது லைனே திரண்டு போனது. நான் சாலம்மாவோடு இருந்தேன்.

சாயந்திரம் அருளப்பன் வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்றேன். சுவரோரம் குந்தினான். கஜாவும் இருந்தான்.

"அது வழி சொல்றதுக்கா" என்றான்.

கீழே செத்தவனுக்கு வழி தெரியாதாம். கல் விழுந்த அதிர்ச்சியில் அங்கேயே நின்றுவிடுவானாம். இருட்டில் எந்தப் பக்கம் போறது என்று தெரியாமல் சுற்றுவானாம். அதனால் தூக்குகிறவர்கள் ஒவ்வொரு திருப்பமும் சொல்லிக்கொண்டே வரணும். இங்கே குனி, இங்கே திரும்பு, கேஜ் வந்துவிட்டது, மேலே போகிறோம் என்று. கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் வாயை மூடக்கூடாது. இவன் அப்பன் காலத்திலிருந்து இருக்கிறதாம். எந்தச் சாமி கும்பிடுகிறவனாக இருந்தாலும் இது மட்டும் ஒன்றுதான்.

"ஏண்டா எங்ககிட்ட சொல்றதில்ல" என்றேன்.

"சொன்னா தெனம் காலைல டிபன் கட்டிக் குடுக்கும்போது அதையே நெனைப்பீங்க. பொம்பளைங்க கேட்டுக்கு வெளியதானே நிப்பீங்க, கேக்காதுன்னு இருந்தோம்."

"வெந்நீரு?"

"கடைசியா அதைத்தான் சொல்றது. மத்தது எதைச் சொன்னாலும் வராதவன் கூட அதுக்கு வருவானாம்" என்றான். "நீ அன்னிக்கு அப்படிக் கேட்டியே, உன் மூஞ்சியைப் பாத்துட்டு இல்லன்னு எப்படிச் சொல்றது. வெந்நீர்னு பேச்சு வந்துச்சுன்னேன். பொய் சொல்லல. மீதியை நீயே வச்சிக்கின."

அவர் வலி பட்டாரா என்று கேட்டேன்.

"இல்லக்கா. அண்ணன் திரும்பி என்னைப் பாத்து ஓடுன்னாரு. அதுக்குள்ள விழுந்துடுச்சு. அவ்ளோதான்."

ஓடு. அது அவனுக்குச் சொன்னது. எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அருளப்பன் போகும்போது சோறு போட்டேன். சாப்பிட்டான்.

ஜூலை 31, திங்கள்

இந்தத் தடவை காகிதம் இல்லாததால் துரைக்கண்ணு கீழே செத்தார் என்றுதான் எழுத வேண்டியதாகிவிட்டதாம். அந்த இடத்தைத் தொடக்கூடாது. சங்கத்து ஆட்கள் ஷிப்டுக்கு இரண்டு பேர் கேஜ் பக்கம் காவல் உட்கார்ந்திருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வருகிறார்.

நான் போய் என் காகிதத்தைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று கஜாவிடம் சொன்னேன். வீடு போய்விடும், உன் வேலையும் போய்விடும் என்றும் சொன்னேன். அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கால்மாடு ரொம்ப கனமா இருந்துச்சுக்கா" என்றான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, புதன்

இன்ஸ்பெக்டர் காலையில் கீழே போய்ப் பார்த்துவிட்டு மத்தியானம் ஆபீஸில் உட்கார்ந்தார். மலையாளத்துக்காரர், தமிழ் பேசினார். பக்கத்தில் மேனேஜர், ரைட்டர். கீழே போய் வந்ததில் அவர் பூட்ஸெல்லாம் கல்மாவு. எனக்கு அதையே பார்த்துக்கொண்டிருக்கத் தோன்றியது.

என் முறை வந்தது. ஜூன் பத்தாம் தேதி காகிதத்தைக் காட்டினார்கள். என் கையெழுத்துதான். எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன்.

இது தப்புங்க, என் வீட்டுக்காரர் கீழேயே போயிட்டார் என்றேன்.

"அன்னைக்குப் பேசிக்கொண்டு வந்தார்கள் என்று சொன்னீர்களே" என்றார்.

பேசினது உண்மை. செத்தவங்களுக்கு வழி சொல்வாங்க, எனக்கு அப்ப தெரியாது என்றேன். குனிஞ்சிக்கோ, திரும்பு, வெந்நீர் காயுது, எல்லாம் சொன்னேன். வெளியே ஜன்னலோரம் நின்ற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெளி ஆளிடம் சொல்லக்கூடாததை நான் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும்.

மேனேஜர் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். ரைட்டர் தமிழில், "அடிபட்டவனுக்கும் தைரியம் சொல்லுவாங்க சார். மூட நம்பிக்கையை வச்சு உசிர் இருந்துதா இல்லையான்னு எப்படிச் சொல்றது" என்றார்.

இன்ஸ்பெக்டர் அருளப்பனைக் கூப்பிட்டார். அவன் வந்து, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான். மூன்று பிள்ளைகள் அவனுக்கு. ரைட்டர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். இவனை இப்படி நிற்க வைத்துவிட்டேனே என்று இருந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அருளப்பா. உசிரோட இருக்கிறவனுக்கு வழி சொல்லுவீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"சொல்ல மாட்டோம்க்கா" என்றான். "சொல்லவே கூடாது. உசிரோட இருக்கிறவனுக்குச் சொன்னா போயிடுவான்." பிறகு இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினான். "தேசிங்கு அண்ணனுக்கு அந்த இடத்துலயே ஆரம்பிச்சுட்டேன் சார். கல்லை நகத்தினதும் ஆரம்பிச்சுட்டேன்."

ஜன்னலில் யாரோ "நானும் சொன்னேன் சார்" என்றார்கள். இன்னொருவர் சொன்னார். அன்றைக்குத் தூக்கின எல்லாரும் சொன்னார்கள்.

வேறே ஏதாவது சொல்லணுமா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். எங்க அடுப்பில் மரத்துண்டு எரியாமல் போனால் கீழே முட்டு இல்லை என்று அர்த்தம் சார், இரண்டு தடவையும் எரியவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்தேன். மூணு மணிச் சங்கு எப்போதோ ஊதிவிட்டது. அண்டாவில் ஒட்டடை மாதிரி கரி. கவிழ்த்து வைத்தேன்.

ஆகஸ்ட் 9, புதன்

அந்த இடத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். குறுக்கே பலகை அடித்தாயிற்று என்று அருளப்பன் வந்து சொன்னான். மற்ற இடங்களுக்கு டிம்பர் இறங்குகிறதாம். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. கேஸ் வேறே தனியாக நடக்கும் என்று மாசிலாமணி அண்ணன் சொன்னார். அருளப்பனை மேலே சாமான் தூக்குகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கூலி குறைவு. "வெயில்ல கறுத்துட்டேன் பாருக்கா, இத்தினி வருஷம் நெழல்ல வச்சுக் காப்பாத்தின கலரு" என்றான்.

கஜாவுக்கு வேலை இல்லை என்று சீட்டு வந்தது. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்யணும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

கடைசி ஆடி ஞாயிறு. சாலம்மா கூழ் கொண்டுவந்து கொடுத்தாள். நாம இரண்டு பேரும் கோயிலுக்குப் போக முடியாது, இங்கேயே குடிப்போம் என்றாள். குடித்தோம். குழாயில் இப்போது என் குடத்தையும் அவளே வைக்கிறாள். அவள் பெரிய பையன் மைனில் வேலை கேட்டு அலைகிறான். என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

இன்றைக்கு வீடு மாற்றினோம். ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டு வீடு. கஜாவுக்குச் செங்கல் சூளையில் வேலை.

மாட்டு வண்டியில் சாமானெல்லாம் ஏற்றினோம். கஜா வண்டிக்காரரோடு முன்னால் போனான். நான் அண்டாவைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன் என்றேன்.

கிளம்பி நாலு எட்டு வைத்ததும் எனக்கு ஒரு நினைப்பு வந்தது. அவர்கள் அவருக்கு வழி சொன்னது இந்த வீடு வரைக்கும்தான். புது வீடு அவருக்குத் தெரியாது.

திரும்பிப் போனேன். பூட்டின கதவுக்கு முன்னால் நின்றேன். சாலம்மா அவள் வாசலில் இருந்து பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

வா மாமா, கிளம்பறோம் என்றேன். லைன் கடைசியில் இடது பக்கம் திரும்பறோம். குழாய் வந்துடுச்சு. வழுக்கும், பாத்து வா. ஷாப்டைப் பார்க்காதே, நேரா வா. ஏரிக்கரை ஏறணும். இது புளியமரம். இங்கே சந்துக்குள் திரும்பறோம். வாசக்கால் தாழ்வா இருக்கு, குனிஞ்சிக்கோ.

வழியில் எதிரே வந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். அதில் மைன் ஆட்கள் இரண்டு பேர். அவர்கள் ஒதுங்கி நின்று, முண்டாசை அவிழ்த்து, எனக்குப் பின்னால் ஒரு ஆள் வருகிற இடத்தையும் விட்டுத் தள்ளி நின்றார்கள்.

வந்ததும் அடுப்பு மூட்டினேன். பச்சை விறகுதான். அண்டா வைத்தேன்.